சொன்னதைச் சொல்லுங்கோ

மாமி கண்ணாடியைக் கழற்றினால் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

பார்ப்பதற்குத்தான் கண்ணாடி. கேட்பதற்கு அது இடைஞ்சல். எதிரில் இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரிந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பார். முகம் சுருங்கினால் அழுதான் என்றும், முறைத்தால் மிரட்டினான் என்றும் காது தானாக எழுதிக்கொள்ளுமாம். அதனால் கண்ணாடியைக் கழற்றிக் கறுப்புக் கவுனின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே இருப்பார். வந்தவர் மூச்சுவிடாமல் கதையைக் கொட்டி முடிப்பார். மாமி நிமிரமாட்டார். "அதெல்லாம் இருக்கட்டும். சொன்னதைச் சொல்லுங்கோ" என்பார்.

திருவனந்தபுரம் வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் மாமி என்றால் அவர் ஒருவர்தான். மலையாளம் மட்டுமே தெரிந்த குமாஸ்தாக்களுக்கும் மாமி, ஜெயில் வண்டியிலிருந்து விலங்கோடு இறங்குபவர்களுக்கும் மாமி. கரமனை அக்ரகாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கொலை வழக்குகளில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பக்கம் நிற்கிற வக்கீல். அவருடைய தெருவில் சிலருக்கு அது உறுத்தல். கொன்றவனுக்கெல்லாம் எப்படி மாமி வாதாடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கொன்னதை நீங்க கண்டேளா?" என்று கேட்டுவிட்டுக் கீரையை ஆய்வார்.

நான் அந்தக் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். தமிழர்கள் கடை போட்ட சாலைக் கம்போளமும் ஆரியசாலையும் இருக்கிறவரை திருவனந்தபுரத்துக் கூண்டில் தமிழ் பேசும் சாட்சி ஏறிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வதை நான் மலையாளத்தில் சொல்ல வேண்டும். வயிற்றுக்கு அது, உயிருக்கு வசனகவிதை. உட்கார்ந்தால் கால் அரிக்கும் எனக்கு. கூப்பிடும்வரை வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன், மழை பெய்தால் மழைக்கு ஒரு வரி, வெயில் அடித்தால் வெயிலுக்கு ஒரு வரி என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே.

அப்படிக் கோத்ததில்தான் மாமியிடம் முதலில் மாட்டினேன். ஏதோ அடிதடி வழக்கு. சாட்சி சொன்ன அம்மாள், "அவன் ஆடிப்போயி நின்னான்" என்றாள். எனக்கு உள்ளே ஒரு மரம் அசைந்தது. காற்றில் ஆடும் மரம்போல் நின்றான் என்று மொழிபெயர்த்தேன். மாமி எழுந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"மொழிபெயர்ப்பாளர் சாரே, காத்து எங்கேந்து வந்தது?"

ஹால் சிரித்தது. ஜட்ஜும் சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார். காற்றையும் மரத்தையும் எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். அன்று மாலை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால், தேங்காயைச் சிதறவிட்டு விடலை போடுகிற கூட்டத்தின் நடுவே, மாமி என்னைப் பிடித்தார். "கவிராயரே, நீங்க எழுதறதுல காத்து அடிக்கட்டும், புயல் வரட்டும். கூண்டுக்குள்ளே வேண்டாம். அங்கே ஒருத்தனோட உசிராக்கும் நிக்கறது." கோபம் இல்லை அதில். சேட்டை செய்த நாயைக் கட்டிப்போட்டவர் குரல்.

அன்றிலிருந்து என்னை அவர் கவிராயரே என்றுதான் கூப்பிட்டார். கேலிதான். ஆனாலும் பேரை வைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். காய்க்காரன் "நேத்து பறிச்சது மாமி" என்றால், பறித்ததை நீ கண்டாயா, பறித்தவன் சொன்னானா என்று கேட்பார். அவன் மாமியின் தெருவுக்கு வரும்போது மட்டும் "நேத்து பறிச்சதுன்னு நெடுமங்காட்டுலேந்து கொண்டுவந்தவன் பறஞ்சான்" என்று மலையாளம் கலந்து கூவக் கற்றுக்கொண்டான்.

அவருடைய உறவில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பேசி முடித்த நேரத்தில், பையன் குடிப்பானாம் என்று சேதி வந்தது. பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பெரியவர்கள் நிறுத்திவிடலாம் என்றார்கள். இத்தனை பேர் சொல்கிறார்களே என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த சாட்சியம். மாமி கண்ணாடியைக் கழற்றினார். யார் சொன்னது? அத்தை. அத்தைக்கு? ஓர்ப்படி. ஓர்ப்படிக்கு? பூக்காரி. இப்படி ஒவ்வொரு வாயாகப் பின்னுக்குப் போனார், வாய்க்கால் வழியே மடையைத் தேடிப் போகிறவர்போல. கடைசியில் ஒரு கல்யாணச் சமையல்காரர் அகப்பட்டார். மாமி கேட்டது வழக்கமான கேள்வி. அவர் தலையைச் சொறிந்துவிட்டு, சொன்னதைச் சொன்னார்: "அந்தப் பையனா? நன்னாக் குடிப்பான். அடைப் பிரதமன் டம்ளர் டம்ளரா உள்ளே போகும்."

பாயசத்தின் பேரான பிரதமன் என்கிற ஒற்றைச் சொல் வழியில் எங்கோ ஒரு வாயில் விழுந்துவிட்டது. மீதி ஊர்வலமாக வந்து சேர்ந்தது. கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமி மாப்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் குடிப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இப்போதுதான் நேரடி சாட்சியம் என்றார்.

பத்துப் பேர் சொன்னால் பத்து மடங்கு உண்மை ஆகிவிடாது என்பார். சட்டமும் அதையே சொல்கிறது. ஒரு கொலையை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எண்ணிக்கை எதுவும் அதில் இல்லை. சாட்சிகளை எண்ணுவது கிடையாது, எடைபோடுவதுதான். ஒற்றை ஆள் கண்டதைக் கண்டபடி சொன்னால் அது போதும். ஊரே திரண்டு கேட்டதைக் கேட்டவன் சொல்லக் கேட்டேன் என்றால் தராசு அசையாது.

ஒரு நாள் கோர்ட்டு விட்டதும் ஆரியசாலையில் மல்லி வாங்கப் போன மாமியோடு நானும் போனேன். மிளகாய் நெடி, புளி நெடி, சாக்குத் தூசி. அங்கே மொத்தக் கடைகளின் நடுவில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் மலையாளி, எல்லோருக்கும் சேட்டன். உள்ளே பலகைத் தடுப்புக்குப் பின்னால் சமோவர் பக்கத்தில் டீ மாஸ்டர் நிற்பார். அவருக்கு வெளியே யார் வந்தார்கள் என்று தெரியாது. அதனால் சேட்டன் ஒவ்வோர் ஆர்டரையும், அதைச் சொன்ன ஆளின் குரலிலேயே உள்ளே கூவுவார். மூட்டைச் சுமடு தூக்குபவனின் இரைப்பு, மண்டி முதலாளியின் மூக்குப் பேச்சு, எல்லாம் அப்படியே. குரலை வைத்து மாஸ்டர் ஆளைக் கண்டுபிடித்து, அவரவர் பதத்துக்கு டீ அடிப்பார். மிமிக்ரிக்குப் பேர்போன ஊரில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

மாமி கேட்டது சீனி போடாத டீ. "ஒரு வித்தவுட். ஆனா கசக்கப்படாது கேட்டேளா." சேட்டன் திரும்பி, அதே கனைப்போடு, அதே இழுவையில், "ஒரு வித்தவுட். ஆனா கசக்கப்படாது கேட்டேளா" என்று உள்ளே எறிந்தார். தன் குரல் தடுப்பைத் தாண்டிப் போவதை மாமி கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, கிள்ளிப்பாலம் தாண்டிய பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "அந்தாள் அர்த்தம் சொல்லறதில்லே. சொன்னதையாக்கும் சொல்லறார்."

இந்தக் குணம் எப்போதும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். மாமியின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கோர்ட்டுக்காரர்கள் நாங்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தோம். அவர் போன காலையில் கட்டில் ஓரத்தில் இருந்தது நான். மாமி கோர்ட்டிலிருந்து கவுனைக்கூடக் கழற்றாமல் வந்தார். எனக்கு மனசு தாளவில்லை. உங்களையேதான் நினைத்துக்கொண்டு போனார் மாமி என்றேன். அவர் கை கண்ணாடிக்குப் போயிற்று. அந்த நேரத்திலுமா என்று தோன்றியது.

"சொன்னதைச் சொல்லுங்கோ, கவிராயரே."

ஜன்னலைத் திறக்கச் சொன்னார் என்றேன். அவ்வளவுதான் சொன்னார். மாமி தலையசைத்தார். போய் ஜன்னலண்டை நின்றார். பல நாள் கழித்து, வராந்தாவில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த நடுவில் சொன்னார்: "நீங்க ஜோடிச்சதைவிட அது நன்னா இருந்தது. அவருக்குக் காத்து பிடிக்கும்." என்னிடமிருந்து காற்றைப் பிடுங்கியவர் எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

இனி சுடலையின் வழக்கு.

சுடலை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரியசாலையில் சுமடு தூக்கியவன். அவன் அக்கா அங்கேயே ஒரு மண்டியில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவள். அறையில் கூட இருந்த கூட்டாளி இசக்கியும் சுமடுதான். ஒரு மத்தியானம் கரமனை ஆற்றோரம் நாணல் மறைவில் இசக்கி வெட்டுப்பட்டுக் கிடந்தான். முந்தின நாள் இரண்டு பேருக்கும் சண்டை என்று தெரு முழுக்கத் தெரியும். சுடலையைப் பிடித்துப் பூஜப்புரை ஜெயிலில் வைத்தார்கள். நிரூபணமானால் ஆயுள்.

வெட்டியதைக் கண்ணால் கண்டவர் கிடையாது. அப்படிப்பட்ட வழக்கில் சூழ்நிலைகளைச் சங்கிலிபோலக் கோக்க வேண்டும். இவன்தான், இவனைத் தவிர வேறொருவன் இல்லை என்கிற இடத்துக்கு அந்தச் சங்கிலி அறுபடாமல் போய்ச் சேர வேண்டும். போலீஸ் மூன்று கண்ணி வைத்திருந்தது. முதல் கண்ணி, முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து போனதைப் பார்த்த ஒருவர். மாமி அவரிடம் அதிகம் கேட்கவில்லை. சாயங்காலத்துக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருந்தது. அதில் ஊரே வந்து போக இடமிருந்தது. இரண்டாவது, சுடலை காட்டிக்கொடுத்ததாகச் சொன்ன வெட்டுக்கத்தி. அது எடுக்கப்பட்ட சந்தில் தேங்காய் வண்டிகள் நிற்கும், தேங்காய் வெட்டுகிறவர்கள் கத்தியை அங்கேதான் போடுவார்கள். அதிலிருந்த ரத்தம் யாருடையது என்று சோதனையில் தெரியவில்லை. அந்தக் கண்ணியும் தளர்ந்தது.

மூன்றாவதுதான் கழுத்துக்கு வந்த கண்ணி. மறுநாள் காலையில், பிணம் கிடைப்பதற்கு முன், சுடலை டீக்கடைச் சேட்டனிடம் சொன்னானாம்: "ஞான் அவனெ வெட்டி." நான் அவனை வெட்டினேன். போலீஸுக்கு வெளியே ஒருவன் தானாக ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் பேச்சைக் கோர்ட்டு லேசில் நம்பாது. யாரிடம் சொன்னான், ஏன் அவரிடம் சொன்னான், எந்த வார்த்தையில் சொன்னான் என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கும். ஆனால் அதைக் கேட்டதாகச் சாட்சி சொல்பவர் நம்பத்தக்கவர் என்றால், தளர்ந்த இரண்டு கண்ணிகளையும் அந்த ஒன்றே இழுத்து முறுக்கிவிடும். சேட்டன் நம்பத்தக்கவர். சுடலையோடு பகை இல்லை. தினமும் அவனுக்குக் கடனுக்கு டீ கொடுத்த மனுஷர்.

அதனால் எல்லோரும் மாமிக்கு ஒரே வழியைக் காட்டினார்கள். சேட்டனைக் கிழிக்க வேண்டும். போலீஸுக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்று நிறுவ வேண்டும். ஜூனியர் வக்கீல்கள் அதையே சொன்னார்கள். சுடலையின் அக்கா கோர்ட்டு வாசலில் மாமியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மிளகாய் கிள்ளிய கையால் கண்ணைத் துடைக்க முடியாது. தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுவாள்.

"எந்தம்பி அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லன்னு சொல்லிருங்கம்மா. அந்தச் சேட்டன் பொய் சொல்லுதாருன்னு சொல்லிருங்க."

"அவர் பொய் சொல்லலை" என்றார் மாமி.

அவள் முந்தானையை விட்டுவிட்டாள். தம்பி செத்துவிட்டான் என்று கேட்டவள்போல் நின்றாள்.

எனக்கும் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க மாமி என்னைக் கண்டால் ஒதுங்கினார். வராந்தாவில் எதிரே வந்தால் வேறு படியிறங்கினார். அவர் சுடலையை ஜெயிலில் போய்ப் பார்த்ததும், நான் ஒண்ணுமே சொல்லலை என்று சாதித்தவன் கடைசியில் வாய் திறந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சண்டை எதற்கு என்று சொன்னால் அக்காவின் பேர் கோர்ட்டில் அடிபடும் என்று பயந்திருக்கிறான். காரணம் எனக்கும் வேண்டாம், கோர்ட்டுக்கும் வேண்டாம், சொன்னது போதும் என்றிருக்கிறார் மாமி. அந்தக் காரணத்தை அவர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. நானாக ஒன்று ஊகித்தேன். ஊகம் சாட்சியம் ஆகாது, ஆகவே விடுகிறேன்.

சேட்டன் கூண்டில் ஏறிய நாள் ஹால் நிறைந்திருந்தது. தோளில் வழக்கமான துண்டு இல்லாமல் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். ஆமாம், வெட்டி என்று பறஞ்ஞு, அப்படித்தான் சொன்னான். சுடலை எதிரிக்கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாமி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

முதல் கேள்வி, அன்று காலை சுடலை எந்தப் பாஷையில் பேசினான் என்பது. தமிழ் என்றார் சேட்டன். நீங்கள் இப்போது சொன்னது எந்தப் பாஷை? மலையாளம். "எனக்கு அவன் சொன்னது வேணும்" என்றார் மாமி.

சேட்டன் விழித்தார். தமிழ் கேட்டால் மனசிலாகும், பேச வராது, அர்த்தம் அதுதான் என்றார். அரசு வக்கீல் சாய்ந்து உட்கார்ந்தார். சேட்டன் பொய்யர் இல்லை என்று மாமி தானே ஒப்புக்கொண்டாயிற்று. இனி அவர் வாயிலிருந்து அந்த ஒற்றை வெட்டைத் தவிர வேறு எதுவும் வராவிட்டால் சுடலை வெளியே வரவே மாட்டான்.

மாமி சட்டென்று வேறு பக்கம் போனார். கடையில் உங்கள் வேலை என்ன என்று கேட்டார். ஆர்டர் எடுப்பது. எப்படி எடுப்பீர்கள்? உள்ளே விளித்துச் சொல்வேன். யார் குரலில்? சேட்டன் தலை முதல் தடவை நிமிர்ந்தது. வெட்கத்தோடு, சொன்ன ஆளின் குரலில் என்றார். வழக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அரசு வக்கீல் எழுந்தார். ஜட்ஜ், மெல்லப் பேசுகிற மனிதர், கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

மாமி கூண்டை நெருங்கினார்.

"அன்னிக்குக் காலையிலே சுடலை சொன்னது ஒரு ஆர்டர்னு வெச்சுக்கோங்கோ. உள்ளே மாஸ்டர் நிக்கறார். அவருக்கு அதைச் சொல்லுங்கோ."

சேட்டன் கண்ணை மூடினார். கை தானாக இல்லாத துண்டைத் தோளில் சரிசெய்தது. ஒரு பக்கமாகத் திரும்பினார், அங்கே பலகைத் தடுப்பு இருப்பதுபோல. பிறகு அந்த ஹாலில் சுடலையின் குரல் எழுந்தது. தொண்டை கரகரத்து, கடைசியில் இழுத்து, திருநெல்வேலிச் சாயலோடு:

"அவன வெட்டி விட்டுட்டேன் சேட்டா. இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

எதிரிக்கூண்டில் சுடலை, யாரோ கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பின் பெஞ்சிலிருந்து அவன் அக்காவின் விம்மல் கேட்டது. ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

அரசு வக்கீல் குதித்தெழுந்தார். இதை இந்தச் சாட்சி போலீஸிடம் சொல்லவே இல்லை என்றார். வழக்கமாக அந்த வாதம் எதிரித் தரப்பின் ஆயுதம். அன்று அவர் தன் சாட்சியின் மேலேயே அதை வீசும்படி ஆயிற்று. ஏன் சொல்லவில்லை என்று ஜட்ஜே கேட்டார். சேட்டன் கண்ணைத் திறந்தார். "சாரே, அவர் அது சோதிச்சில்லா. வெட்டின்னு பறஞ்ஞோன்னு சோதிச்சு. பறஞ்ஞுன்னு ஞான் பறஞ்ஞு." அவர்கள் அதைக் கேட்கவே இல்லை, வெட்டி என்று சொன்னானா என்றுதான் கேட்டார்கள், ஆமாம் என்றேன். இதைவிட எளிமையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்?

பிறகு ஜட்ஜ் என் பக்கம் திரும்பினார். வெட்டி விட்டுட்டேன் என்றால் என்ன?

நடந்துகொண்டே இருக்கிறவன் அன்று ஆணியடித்ததுபோல் நின்றேன். மாமி ஏன் ஒரு வாரமாக என்னைக் கண்டு ஒதுங்கினார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் சொல்லிக்கொடுத்த அர்த்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எனக்கு ஒரே ஒரு அர்த்தத்தை மட்டும் சொல்ல ஆசையாக இருந்தது. மாமியைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் சொன்னேன். வெட்டி என்கிற சொல்லைத் தனியே பிடுங்கினால் கத்தியால் வெட்டுவது. ஒருவனை வெட்டி விட்டேன் என்று தமிழில் பேச்சுவழக்கில் சொன்னால், அவனோடு இருந்த சகவாசத்தை அறுத்துக்கொண்டேன் என்றும் ஆகும். இரண்டில் எது என்று கேட்டார் அரசு வக்கீல். சொன்னது இது, இதற்கு இரண்டும் ஆகும் என்றேன். சுடலையின் அக்கா என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். மாமியின் உதட்டோரம் லேசாகச் சிரித்தது. காற்று அடிக்கவில்லை, கவிராயரே, என்று சொல்வதுபோல.

கடைசி வாதத்தில் மாமி அதிகம் பேசவில்லை. போலீஸ் அறையைச் சோதித்து எழுதிய மகசரிலேயே ஒரு தகரப்பெட்டி இருந்தது. இசக்கியின் பெட்டி, அறைக்கு வெளியே வராந்தாவில் கிடந்தது என்று. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. செத்தவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரும் பெட்டியை வெளியே வைக்கமாட்டார்கள் என்றார் மாமி. இனி முகத்தில் விழிக்கமாட்டேன் என்று, இனி முகமே இல்லாதவனைப் பற்றி யாரும் சபதம் செய்யமாட்டார்கள் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு நாளில் அவருக்கு வேறு ஹாலில் விசாரணை. நான் இங்கே நின்று கேட்டேன். கேட்டதும் ஓடினேன், படியில் இடறி, யாரோ ஒருவரின் கோப்புகளைச் சிதறடித்து. மாமி வராந்தாவுக்கு வந்தார்.

"ஜெயிச்சாச்சு மாமி."

கண்ணாடி கீழே இறங்கியது. "சொன்னதைச் சொல்லுங்கோ."

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு சொல்லும் நழுவவில்லை. வாழ்நாளில் எந்தக் கவிதையையும் நான் அப்படி மனப்பாடமாக ஒப்பித்ததில்லை. டீக்கடைக்காரர் உண்மை பேசுகிறவர் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை, எனக்கும் இல்லை. அவர் கேட்டது உண்மை. எழுதப்பட்டது அவர் கேட்டது அல்ல. ஒரு பேச்சுக்கு நியாயமான இரண்டு அர்த்தம் இருக்கும்போது எதிரிக்குச் சாதகமானதையே கோர்ட்டு எடுக்க வேண்டும். சந்தேகம் எத்தனை கனமானாலும் அது நிரூபணத்தின் இடத்தில் உட்கார முடியாது. எதிரியை விடுதலை செய்கிறேன்.

"விடுதலைன்னே சொன்னாரா?"

"சொன்னார்."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இனி அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, கவுன் பறக்கப் படியிறங்கினார்.

அப்படியானால் கொன்றது யார் என்று ஹால் வாசலில் ஒரு வக்கீல் கேட்டார். தெரியாது என்றார் மாமி, நடையை நிறுத்தாமல். கண்டவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வரவில்லை என்றார். உள்ளே பின் பெஞ்சில் இசக்கியின் அண்ணன் இன்னும் உட்கார்ந்திருந்தான். மாமி அவன் முன்னால் போய்ச் சற்று நேரம் நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

மாமி காலமான பிறகு சட்டங்களின் பேர்கூட மாறிவிட்டது. பழைய பிரிவு எண்களைச் சொன்னால் இளம் வக்கீல்கள் சிரிக்கிறார்கள். எனக்கு எண்கள் போகட்டும். ஜெயிலிலிருந்து வெளியே வந்த சாயங்காலம் சுடலை எங்களை ஆரியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனது மட்டும் போகாது.

டீக்கடையில் சேட்டன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் சொன்ன ஒரு சொல்லால் உள்ளே போனவன். இவர் சொன்ன மிச்சத்தால் வெளியே வந்தவன். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை, கை சுத்தமாக இருந்தது, ஆனாலும் பழக்கத்தில் தோளில்தான் கண்ணைத் துடைத்தாள்.

சுடலை பெஞ்சில் உட்கார்ந்தான். எப்போதும் குடிக்கிற திடமான டீயையே கேட்டான்.

"கடுப்பமா ஒரு டீ, சேட்டா."

சேட்டன் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தடுப்பைப் பார்த்து, கரகரப்போடு, கடைசி இழுவையோடு கூவினார்: "கடுப்பமா ஒரு டீ, சேட்டா."

உள்ளே டம்ளர் உருண்டு விழும் சத்தம். விடுதலைச் சேதி மாஸ்டருக்கு இன்னும் எட்டவில்லை. பலகைக்குப் பின்னாலிருந்து அவர் குரல், நம்பாமல், நம்ப ஆசைப்பட்டு, வந்தது.

"சுடலையோ? சுடலை வந்தோ?"

சேட்டன் பதில் சொல்ல வாயெடுத்தார். மாமி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டேன்" என்றான் சுடலை, சொந்தக் குரலில்.